அம்பறாத்தூணியில் எத்தனை பலகைகள்?



கடல் அலையின்மேல் பலகையில் நின்று சறுக்கிச் செல்லும் விளையாட்டை நீங்கள் தொலைக்காட்சியிலாவது கண்டிருப்பீர்கள். அதில் தேர்ந்தவர்களிடம் ஒரே ஒரு பலகை இருப்பதில்லை. சிறிய அலைக்கு ஒன்று, பெரிய அலைக்கு ஒன்று, காற்று வீசும் நாளுக்கு ஒன்று என்று பலவற்றைச் சேர்த்து வைத்திருப்பார்கள். அந்தத் தொகுப்புக்கு அவர்கள் வழங்கும் ஆங்கிலப் பெயர் ‘குவிவர்’. அம்பறாத்தூணி என்பதே அதன் பொருள். வேட்டைக்குப் போகிறவன் பலவித அம்புகளைத் தூணியில் வைத்திருப்பதுபோல, கடலுக்குப் போகிறவன் பலவிதப் பலகைகளை வைத்திருக்கிறான் என்ற கருத்தில் அந்தப் பெயர் வழங்குகிறது.

அம்பறாத்தூணி என்ற சொல் நமக்குப் புதிதல்ல. 127ஆம் சங்கீதத்தை வாசிக்கிற நாம் அதை நன்கு அறிவோம். திருமண ஆராதனைகளில் நான் பலமுறை அந்தச் சங்கீதத்தின்மேல் பேசியிருக்கிறேன். இந்த வாரம் பலகைகளைக் குறித்து எழுதுவதற்கும் அந்தச் சொல்லே எனக்கு வாசலாயிற்று.

நம் சபையின் வாலிபர் ஐக்கியத்தில் 24 வயதுள்ள சகோதரன் ஒருவன் இருக்கிறான். திருவொற்றியூரில் சரக்குப் பெட்டகங்களை அடுக்கும் கிடங்கு ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை செய்கிறான். அவனுடைய பாட்டனார் கட்டுமரம் கட்டுவதில் கைதேர்ந்தவர். தகப்பனார் கடலுக்குப் போனவர். ஒரு நாள் திரும்பி வரவில்லை. தாயார் காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்துத் தெருத்தெருவாக விற்று அவனை வளர்த்தார். இந்தச் சகோதரன் இரண்டு ஆண்டுகளாக விடுமுறை நாட்களில் கோவளத்துக்குப் போய் அலைச்சறுக்குக் கற்றுவருகிறான். அண்மையில் ‘விங் ஃபாயிலிங்’ என்னும் புதிய விளையாட்டின்மேலும் அவனுக்கு ஆவல் உண்டாயிற்று. சேமிப்பு முழுவதையும் செலவிட்டு ஐந்து பலகைகளும் மூன்று இறக்கைகளும் வாங்க எண்ணி, ஒரு பட்டியலை எழுதிக்கொண்டு என்னிடம் வந்தான். “ஐயா, இதில் எதை முதலில் வாங்கலாம்?” என்று கேட்டான்.

அதே வாரத்தில் அவனுடைய தாயாரும் வந்தார். “ஐயா, நீங்கள் சொன்னால் கேட்பான். கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லுங்கள்” என்றார்.

இருவருக்கும் நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பதிலை இருவருடைய சம்மதத்தோடும் உங்கள்முன் வைக்கிறேன். பலகை வாங்காதவர்களுக்கும் இதில் ஏதாவது உண்டு என்று நம்புகிறேன்.

முதலாவது, நம் ஊரை நினைத்துப் பாருங்கள். அலையின்மேல் மரத்தில் ஏறிப் போவது வெளிநாட்டிலிருந்து வந்த வேடிக்கை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால் ‘கேட்டமரான்’ என்ற ஆங்கிலச் சொல்லே நம்முடைய கட்டுமரத்திலிருந்து போனது. ராயபுரத்திலும் காசிமேட்டிலும் இருக்கிற முதியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. எடையற்ற மரத்தைத் தேர்ந்து, செதுக்கி, நடுவில் நீண்ட மரமும் இரு பக்கங்களிலும் குட்டை மரங்களுமாக வைத்து, கயிற்றால் கட்டுவார்கள். ஆணி கிடையாது. அலை மேலே ஏறினாலும் தண்ணீர் மரங்களின் இடுக்கு வழியாக வடிந்துவிடும். ஆகையால் அது நிரம்பி மூழ்குவதில்லை. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே உலர வைப்பார்கள். ஈரம் ஊறினால் மரம் கனத்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

எல்லாக் கடலுக்கும் எல்லா மீனுக்கும் ஒரே மரத்தை அவர்கள் கட்டவில்லை என்பதையும் கவனியுங்கள். கரையோரத்தில் ஓரிருவர் போவதற்குச் சின்ன மரம். தொலைவில் போவதற்குப் பெரிய மரம். பறக்கும் மீனாகிய கோலாவைத் தேடிப் போகிறவர்களுக்குக் கோலா மரம். போகிற இடமும் பிடிக்கிற மீனும் ஏறுகிற ஆட்களின் எண்ணிக்கையும் மரத்தைத் தீர்மானித்தன. நம் சகோதரன் கேட்ட கேள்வியை அவனுடைய பாட்டனார் தம் வாழ்நாள் முழுவதும் கேட்டுப் பதில் கண்டிருந்தார்.

சென்னைக்குத் துறைமுகம் இல்லாத நாட்களில் கப்பல்கள் கரையை விட்டு விலகித் திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்றன. அலை உடையும் இடத்தைக் கடந்து ஆட்களையும் சரக்கையும் கரைசேர்த்தவை மசூலா படகுகள். அவற்றின் பலகைகள் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டிருந்தன. அலை மோதும்போது உடையாமல் வளைந்து கொடுத்தன. படகும் போக முடியாத கொந்தளிப்பில் கட்டுமரக்காரர்கள் கடிதங்களைப் பாயால் முடைந்த தொப்பிக்குள் வைத்து, நனையாமல் கப்பலுக்குக் கொண்டுபோனார்கள். ராயபுரத்தின் தூய பேதுரு ஆலயம் அந்தப் படகுச் சமூகத்தார் கட்டியது என்பதை நீங்கள் அறிவீர்கள்.

1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1881 நவம்பரில் வந்த புயல் கட்டியதைப் பெரிதும் குலைத்தது, மறுபடியும் கட்டினார்கள். ஆண்டின் பெரும்பகுதியில் நம் கரையோரம் மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. துறைமுகத்தின் சுவர் அதைத் தடுத்தது. தெற்கே தங்கிய மணல் மெரினாவை அகலமாக்கிற்று. வடக்கே மணல் வந்து சேராததால் கடல் நம் கரையை அரித்தது. இன்று ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரையில் நாம் காண்பது பெரும்பாலும் கருங்கல் குவியல்களே. கட்டுமரத்தை இழுத்து வைக்கவும் பிள்ளைகள் ஓடி விளையாடவும் இருந்த மணல் பல இடங்களில் போய்விட்டது. ஆகவேதான் கடலுக்கு எதிரே குடியிருக்கிற நம் வாலிபன், அலையில் ஏறிக் கற்றுக்கொள்வதற்கு வெகுதூரம் தெற்கே பயணம் செய்ய வேண்டியிருக்கிறது. அவனுடைய ஆசையைக் கேட்டபோது, இது புதிய மோகம் என்று எனக்குத் தோன்றவில்லை. இழந்துபோன ஒன்றை அவன் தேடுகிறான் என்றே தோன்றியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பலகையில் நின்று அலையில் சறுக்கும் கலையைச் சிறப்பாக வளர்த்தவர்கள் ஹவாய்த் தீவுகளின் மக்கள். அவர்களிடமும் பலவிதப் பலகைகள் இருந்தன. ‘ஓலோ’ என்னும் நீண்ட பலகையை ‘விலிவிலி’ என்ற இலகுவான மரத்தில் செய்தார்கள். நம் ஊர்க் கல்யாண முருங்கைக்கு அது உறவுமரம். ‘அலாயா’ என்னும் மெல்லிய பலகையைக் ‘கோவா’ என்ற மரத்தில் செய்தார்கள். 1820இல் அமெரிக்க மிஷனெரிகள் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். வெளியிலிருந்து வந்த நோய்களால் அந்த மக்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டிருந்த காலத்தில், அந்த விளையாட்டைக் குறித்துப் போதகர்கள் காட்டிய வெறுப்பும் சேர்ந்தது. அலைச்சறுக்கு ஏறக்குறைய மறைந்துபோகும் நிலைக்கு வந்தது. பிற்காலத்தில் டியூக் கஹானமோகு போன்றவர்கள் அதை உலகமெங்கும் கொண்டுபோனார்கள். 1912 ஒலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வென்றவர் அவர். ஒரு ஜனம் கடலோடு கொண்டிருந்த உறவை, அது தேவையற்றது என்று வெளியிலிருந்து வந்த போதகர் தீர்மானிப்பது எவ்வளவு எளிது என்பதை இந்த வரலாறு காட்டுகிறது. ஆகையால் அந்தத் தாயாரிடம் உடனே ‘சரி, தடுத்துவிடுகிறேன்’ என்று நான் சொல்லவில்லை.

நம் கரையிலும் இந்தக் கலை இப்போது மீனவர் கையிலேயே தளிர்த்திருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள கோவளத்தில் மூர்த்தி மேகவன் என்ற மீனவர், தொழிலதிபர் அருண் வாசுவின் துணையோடு 2012இல் பயிற்சிக் கூடம் ஒன்றைத் தொடங்கினார். மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் அந்தக் கரையில் பயிற்றுநர்களாகவும் போட்டியாளர்களாகவும் வளர்ந்திருக்கிறார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் அலைச்சறுக்கு முதன்முறையாக இடம்பெற்றது. 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய அலைச்சறுக்குப் போட்டியில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் பெற்றார். அந்தப் போட்டியின் தனிநபர் பிரிவில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் பதக்கம் அது. இது வீணர் விளையாட்டு என்று தள்ளிவிடக்கூடிய காலம் கடந்துவிட்டது.

இனி அந்தப் பட்டியலுக்கு வருகிறேன். சகோதரனும் நானும் அதை மேசைமேல் விரித்து வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பயிற்றுநர்களிடம் கேட்டு அறிந்தவற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

பலகையைத் தேர்வதில் முதற்கேள்வி அதன் கொள்ளளவு. அதை லிட்டரில் சொல்வார்கள். ஒரு லிட்டர் கடல்நீர் ஒரு கிலோவுக்குச் சற்றே கூடுதலான எடை கொண்டது. ஆகவே 100 லிட்டர் பலகை முழுவதும் அமிழும்போது ஏறக்குறைய 100 கிலோவைத் தாங்கும். அந்த 100 கிலோவில் ஏறுகிறவனுடைய எடை மட்டுமல்ல, பலகையின் எடை, அதற்குக் கீழே பொருத்தும் கருவியின் எடை, நனைந்த உடையின் எடை எல்லாம் அடங்கும். நம் சகோதரன் 65 கிலோ. மற்றவற்றைச் சேர்த்தால் 80 கிலோவை நெருங்கும். தொடக்கத்தில் பலகை அவனைத் தாங்கி, தடுமாற இடமும் கொடுக்க வேண்டுமானால், 100 லிட்டரை ஒட்டிய பலகை தேவை. பட்டியலில் அவன் முதலில் எழுதியிருந்ததோ 60 லிட்டர் பலகை. அது அசையாமல் நிற்கும்போது அவனோடு சேர்ந்து அமிழ்ந்துவிடும். ஓடத் தொடங்கிய பிறகே மேலே வரும். தேர்ந்தவர்களுக்கு அது சுகம். கற்றுக்கொள்கிறவனுக்கு அது ஓயாத போராட்டம். காணொளிகளில் அவன் வியந்து பார்த்தவர்கள் எல்லாரும் அத்தகைய பலகையில் நின்றதால் அதை விரும்பியிருந்தான்.

விங் ஃபாயிலிங் என்றால் என்ன என்று கேட்பீர்கள். பலகையின் அடியில் ஏறக்குறைய 75 முதல் 85 சென்டிமீட்டர் நீளமுள்ள தண்டு ஒன்று இறங்கும். அதன் முனையில் விமானத்தின் சிறகுபோன்ற சிறிய சிறகுகள் உண்டு. அதற்கு ‘ஃபாயில்’ என்று பெயர். கையில் காற்று நிரப்பிய பெரிய இறக்கையைப் பிடித்துக்கொள்வார்கள்; அது பாய்மரம்போல் காற்றை வாங்கும். வேகம் பிறந்ததும் நீருக்குள் இருக்கும் சிறகு மேல்நோக்கித் தூக்கும். பலகை நீர்ப்பரப்பை விட்டு எழும்பிவிடும். காற்றைவிட நீர் ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது என்பதால், அத்தனை சிறிய சிறகு ஒரு மனிதனைத் தூக்கப் போதுமானதாகிறது. கற்கிறவனுக்கு முன்சிறகு அகலமாக, 1,500 சதுர சென்டிமீட்டருக்கு மேல் இருப்பது நல்லது. குறைந்த வேகத்திலேயே அது தூக்கும். நம் கரையில் பிற்பகலில் எழும்பும் கடற்காற்று அநேக நாட்களில் மிதமானது. ஆகவே கையில் பிடிக்கும் இறக்கையும் 5 அல்லது 6 சதுர மீட்டர் இருக்க வேண்டும். 3 சதுர மீட்டர் இறக்கை பலத்த காற்றுக்கு உரியது. பட்டியலில் இருந்த மூன்று இறக்கைகளில் இரண்டு, நம் கடலில் பெரும்பாலும் பையிலேயே உறங்கியிருக்கும்.

அலைச்சறுக்குக்கு வேண்டியது வேறு வடிவம். ஃபாயில் பலகை குட்டையாகவும் பருமனாகவும் இருக்கும். அலைப்பலகையோ நீளமாகவும் மெல்லியதாகவும் இருந்து, கையால் துழாவி அலையைப் பிடிக்க உதவ வேண்டும். இரண்டுக்கும் பயன்படும் ஒரே பலகை விற்கிறார்கள். பணமும் இடமும் மிச்சமாகும், ஆனால் இரண்டில் எதையும் அது முழுமையாகச் செய்யாது. கற்கிறவனுக்கு 8 அடி நீளமுள்ள மென்பலகையே உற்ற துணை. மேலே மெத்தென்ற நுரை இருப்பதால் தலையில் பட்டாலும் காயம் குறைவு. 6 அடிக் குட்டைப் பலகை திரும்புவதற்கு வேகமானது. ஆனால் அலையைப் பிடிப்பதே அதில் கடினம். நாளொன்றுக்கு மூன்று அலை பிடிக்கிறவனைவிட முப்பது அலை பிடிக்கிறவன் விரைவில் கற்கிறான்.

அடுத்த கேள்வியைப் பயிற்றுநர்கள் கேட்கவில்லை. நம் ஊர் கேட்கிறது. பலகையை எங்கே வைப்பாய்? எப்படிக் கொண்டுபோவாய்? ஒரே அறையுள்ள வீட்டில் 9 அடிப் பலகையைச் சாய்த்து வைத்தால், தாயார் எங்கே படுப்பார்? மாநகரப் பேருந்திலோ ஷேர் ஆட்டோவிலோ அதை ஏற்ற முடியாது. ஊதி நிரப்பும் ஃபாயில் பலகை உண்டு. சுருட்டினால் முதுகுப்பையில் அடங்கும். கெட்டிப் பலகைபோல் அது உடனுக்குடன் அசைவுக்கு இணங்காது; சற்றே வளையும். ஆனால் வீட்டில் இருந்தும் கடலுக்குப் போகாத கெட்டிப் பலகையைவிட, பேருந்தில் ஏறிக் கடலுக்குப் போகிற பலகை மேலானது.

பழுது பார்ப்பதைப் பற்றியும் பேசினோம். காசிமேட்டில் நிற்கும் ஃபைபர் படகுக்கும் கெட்டிப் பலகைக்கும் மேலோடு ஒரே வகைதான்: கண்ணாடி இழையும் பிசினும். நம் தெருக்களிலேயே அதில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். சில பலகைகளின் உள்ளே வெண்ணிறப் பாலிஸ்டைரீன் நுரை இருக்கும். படகுக்குப் பூசும் பாலியெஸ்டர் பிசின் பட்டால் அந்த நுரை கரைந்துபோகும். அதற்கு எபாக்ஸி பிசினே பூச வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாமல் மேலே பூசுவது பலகைக்கு மட்டுமல்ல, மனிதனுக்கும் ஆகாது.

இவ்வளவும் பேசி முடித்தபோது ஐந்து பலகைகள் இரண்டாயின. முதலாவது, பிறர் பயன்படுத்திய 8 அடி மென்பலகை ஒன்று. அதைக் கோவளத்திலேயே விட்டுவைக்கலாம். இரண்டாவது, 100 லிட்டர் ஃபாயில் பலகை. ஆனால் அதை இப்போது வாங்குவதில்லை. ஃபாயில், இறக்கை எல்லாம் சேர்த்துப் புதிதாக வாங்கினால் இரண்டு லட்சம் ரூபாயைத் தாண்டிவிடும். முதலில் வாடகைக்கு எடுத்துப் பழகி, எழும்பி நிற்கத் தெரிந்த பிறகு அதைக் குறித்து யோசிப்பது என்று முடிவு செய்தோம்.

தாவீதை நினைத்துப் பாருங்கள். 1 சாமுவேல் 17ஆம் அதிகாரத்தில் ராஜா தம்முடைய கவசத்தையும் தலைச்சீராவையும் அவனுக்கு அணிவித்தார். அந்த நாட்டிலேயே சிறந்த ஆயுதங்கள் அவை. அவற்றை அணிந்து நடந்து பார்த்த தாவீது, தனக்குப் பழக்கமில்லை என்று கழற்றி வைத்தான். ஓடைக்குப் போய் ஐந்து கற்களைப் பொறுக்கினான். கவசம் மட்டமானது என்று அவன் சொல்லவில்லை. அது சவுலின் உடலுக்குச் செய்யப்பட்டது. தாவீதின் கைக்குத் தெரிந்தது கவணும் கல்லும். அவன் கல்லைப் பொறுக்கிய விதத்தையும் பாருங்கள்: வழவழப்பானவற்றைத் தேர்ந்தான். எளியதை எடுத்தான், ஆனால் ஏனோதானோவென்று எடுக்கவில்லை.

இனி அந்தத் தாயாரைக் குறித்து. மகனுடைய கேள்விக்குப் பதில் சொல்வது எளிதாயிருந்தது. லிட்டர் கணக்கும் அடிக்கணக்கும் அதற்குப் போதும். தாயாருடைய கேள்விக்கு அந்தக் கணக்குகள் உதவவில்லை. கடல் அபாயமற்றது என்று நான் அவரிடம் சொல்ல முடியாது. அவருக்குக் கடலைத் தெரியும். எனவே என்னோடு ஒருமுறை கோவளத்துக்கு வந்து பார்க்கும்படி அழைத்தேன். ஒரு சனிக்கிழமை வந்தார். மகன் பலகையோடு இறங்குவதைக் கரையில் நின்று பார்த்தார். அவனுடைய கணுக்காலையும் பலகையையும் இணைக்கும் கயிற்றைக் கண்டு, “அது எதற்கு?” என்று பயிற்றுநரிடம் கேட்டார். பலகை விலகிப் போகாமலிருக்க என்று அவர் சொன்னார். “கயிறு அறுந்தால்?” என்றார் தாயார். நீந்தி வர வேண்டும் என்று பதில் வந்தது. “அப்படியானால் பலகை இல்லாமல் அவன் எவ்வளவு தூரம் நீந்துவான் என்று முதலில் காட்டுங்கள்” என்றார்.

பிரியமானவர்களே, எங்கள் பட்டியலில் இல்லாத கேள்வி அது. நாங்கள் மிதக்கும் பொருளைக் குறித்தே பேசிக்கொண்டிருந்தோம். அது கையை விட்டுப் போன பிறகு என்ன என்பதை, இழப்பை அறிந்த ஒருவர் கேட்டார். அன்றிலிருந்து அவருடைய நிபந்தனைகள் இவை. பலகை இல்லாமல் 500 மீட்டர் நிற்காமல் நீந்திக் காட்டும்வரை ஃபாயில் கிடையாது. தனியே இறங்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகைப் புயல் நாட்களில் கடலுக்குப் போகக் கூடாது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் கடல் கொந்தளிப்பைக் குறித்து எச்சரிக்கை விடுக்கும் நாளில், மீனவர்கள் படகை இறக்காத நாளில், பலகையும் இறங்கக் கூடாது.

பயிற்றுநர் மேலும் சிலவற்றைச் சேர்த்தார். ஃபாயிலின் விளிம்பு கூர்மையானது. ஆகவே தலைக்கவசமும் மிதவை உடுப்பும் கட்டாயம். இழுவை நீரோட்டத்தில் அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாக நீந்தி வெளியேற வேண்டும். நானும் ஒன்றைச் சேர்த்தேன். நம் ராயபுரம், எண்ணூர்க் கரையில் ஃபாயிலை இறக்க எண்ணவே கூடாது. கருங்கற்கள், வலைகள், நங்கூரக் கயிறுகள், துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் ஆகியவற்றுக்கு இடையில், நீருக்குள் முக்கால் மீட்டர் இறங்கும் தண்டு ஏதாவது ஒன்றில் சிக்காமல் போகாது. 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிய எண்ணெயை நாம் மறந்துவிடவில்லை. நம் கடல் குணமாகும் நாளுக்காக ஜெபிப்போம். அதற்காகப் பேசவும் செய்வோம்.

இப்போது 127ஆம் சங்கீதத்துக்குத் திரும்புவோம். அந்தச் சங்கீதத்தில் தூணியை நிரப்புகிறவை ஆயுதங்கள் அல்ல, பிள்ளைகள். மகன் ஐந்து பலகைகளால் தன் தூணியை நிரப்ப எண்ணினான். தாயாருடைய தூணியில் இருப்பதோ ஒரே ஓர் அம்பு. அவருடைய அச்சத்தின் அளவு அதுதான். அதை நாம் அவிசுவாசம் என்று இலகுவாகச் சொல்லிவிடக் கூடாது. எனினும் அம்பைச் செய்கிறவர் அதைத் தூணியிலேயே வைத்திருப்பதற்காகச் செய்வதில்லை. அது ஒருநாள் நாணில் ஏறித்தான் ஆக வேண்டும். பெற்றோரின் கையில் இருப்பது அதைச் செம்மையாக்குவதும் குறி பார்ப்பதும். விட்டபின் அது செல்லும் வழி அவர்கள் கையில் இல்லை. அந்தத் தாயார் மகனைத் தடுக்கவில்லை. விடுவதற்குமுன் கூர்மையாக்குகிறார்.

மகன் இப்போது வாரந்தோறும் நீந்துகிறான். இதை எழுதும்போது அவன் 300 மீட்டரைத் தாண்டியிருக்கிறான். மென்பலகை மட்டும் வாங்கப்பட்டது. மீதிப் பணம் அஞ்சலகத்தில் இருக்கிறது.

வாலிபரே, உங்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் வாங்க நினைப்பது பலகையாக இல்லாமல் இருக்கலாம். இருசக்கர வாகனமாக, கைப்பேசியாக, பெரும் கட்டணம் கட்டிச் சேரும் படிப்பாக இருக்கலாம். மூன்று கேள்விகளைக் கேளுங்கள். என் எடை என்ன, அதாவது இன்று எனக்கு உண்மையில் தெரிந்தது எவ்வளவு? என் கடல் எது, அதாவது நான் நாள்தோறும் இறங்கப்போகும் இடம் எப்படிப்பட்டது? கயிறு அறுந்தால் நான் எவ்வளவு தூரம் நீந்துவேன்? மூன்றுக்கும் நேர்மையாகப் பதில் எழுதினால், பெரும்பாலும் பட்டியல் தானாகவே சுருங்கும். சுருங்கிய பட்டியலைக் கண்டு வெட்கப்படாதிருங்கள்.

பெற்றோரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகளின் ஆசை உங்களுக்குப் புரியாததாக இருக்கும்போது, ஒருமுறை அவர்களோடு கரை மட்டும் போய்ப் பாருங்கள். வேண்டாம் என்று வீட்டிலிருந்து சொல்லும் சொல்லைவிட, கரையில் நின்று கேட்கும் ஒரு கேள்வி பிள்ளையைக் காக்கும்.

காற்றையும் கடலையும் தமது சொல்லுக்குக் கீழ்ப்படியச் செய்த ஆண்டவர், தொழிலுக்காகவும் பயிற்சிக்காகவும் கடலில் இறங்குகிற நம் பிள்ளைகள் அனைவரையும் காப்பாராக. கடலில் தங்கள் அன்பானவர்களை இழந்த குடும்பங்களைத் தேற்றுவாராக. தேர்ந்துகொள்ளும் ஞானத்தையும், போதும் என்னும் மனதையும் நமக்குத் தருவாராக. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்